பூச்சிக்குப் பணம் கிடையாது

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மருந்து தீர்ந்துவிட்டால் அடுத்த துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை நாம் பேசிய பேச்சுக்கு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அன்றைக்கே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “படிப்பைப் பத்தி இனிமே ஃபோன்ல ஒரு வார்த்தை கூடாது. அப்பாவும் பொண்ணும் எழுதிக்கோங்க. எழுதும்போதாவது ஒருத்தர் முடிச்ச பிறகு இன்னொருத்தர் ஆரம்பிப்பீங்க.” உங்கள் கப்பல் எப்போது எங்கே நிற்கும் என்று துறைமுகத்தில் கடிதம் கொண்டுவந்து தருகிற ஏஜென்டுக்கே தெரிவதில்லை. கையில் கிடைக்கும்போது படியுங்கள்.

விஷயம் இதுதான். நுழைவுத் தேர்வு எழுதி எனக்கு விலங்கியலில் இடம் கிடைத்துவிட்டது. இரண்டாம் வருடத்திலிருந்து பூச்சியியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். அதற்கென்று தனி ஆய்வுக்கூடம் வைத்திருப்பது இந்த ஒரு கல்லூரிதான். ஜூலை கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். தவறினால், வரிசையில் அடுத்து நிற்பவருக்கு இடம் போய்விடும்.

நம் வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ‘காசு போடுறவங்க சொல்றதுதான்.’ நீங்கள் காசு போட்டதால் சோபா சேற்று நிறத்தில் இருக்கிறது. நீங்கள் காசு போட்டதால் கூடத்துச் சுவர் ஆஸ்பத்திரிப் பச்சை. அம்மா அங்கே உட்கார்ந்தால் யாரோ நோயாளியைப் பார்க்க வந்தவள் மாதிரி இருக்கிறாள். சின்ன வயதில் நான் சிவப்புச் சட்டை கேட்டபோது கடைக்காரர் முன்னாலேயே, “காசு யாரு போடுறா?” என்று கேட்டுவிட்டுச் சாம்பல் நிறத்தில் வாங்கித் தந்தீர்கள். அது கிழியவே இல்லை, அதுதான் என் துரதிர்ஷ்டம்.

இந்த ஒன்றிலாவது சட்டத்தைத் தளர்த்துங்கள் அப்பா. சோபாவில் எல்லோரும் உட்காருகிறோம். வகுப்பில் நான் மட்டும்தான் உட்காரப் போகிறேன்.

காரைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நலம். போர்வைக்குள் தூங்குகிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

ஜனவரி 30

வக்கீலம்மாவுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். முதுகு தேவலையாகத்தான் இருந்தது. உன் கடிதத்தைப் படித்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது.

பூச்சியா? சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தது என் தப்பு. எதிரில் இருந்த சமையல்காரர், “என்ன அண்ணே, முகம் இப்படிப் போயிடுச்சு?” என்றார். வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனுஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நம்ம அரிசி மூட்டையில வேணும்கிற அளவு இருக்கே, பாப்பாவை இங்க அனுப்புங்க, இலவசமா படிக்கலாம்!” அன்றிலிருந்து கப்பலில் எனக்குப் ‘பூச்சி அப்பா’ என்று பெயர்.

நான் எஞ்சின் அறையில் வெந்துகொண்டிருப்பது விளையாட்டுக்கில்லை. அங்கே பேசினால் காதில் விழாது, கையால்தான் பேசிக்கொள்வோம். வேர்வை கண்ணுக்குள் இறங்கும், துடைக்கக் கை ஒழியாது. ஏணி ஏறி மேலே வந்தால், கம்பெனிக் கணக்காளர் துறைமுகத்தில் ஏறி வந்து, சட்டை மடிப்புக் கலையாமல் குளுகுளு அறையில் உட்கார்ந்து, “இந்த ஸ்பானருக்கு ரசீது எங்க?” என்று கேட்பான். என் வயதில் பாதி இருக்க மாட்டான். நான் எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்த நாற்காலியில் நீ உட்கார வேண்டும். அதற்குத்தான் சேர்த்து வைத்தேன். கணக்கியல் எடு, முழுப் பணமும் தருகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். பூச்சிக்குப் பணம் கிடையாது.

சேற்று நிறத்தில் அழுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த சோபா.

கார்: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. அம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக ஆசைப்பட வேண்டாம். அவள் கேட் தூணில் உரசிய கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்.

அம்மாவின் உடம்பைக் கவனித்துக்கொள்.

அப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

சமையல்காரர் சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு என்னைத் தெரியாது. அவர் சிரித்ததும் உங்களுக்கு வெட்கமாகப் போனதே, அதில்தான் கோபம். ‘என் பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று நீங்கள் கேட்கவும் இல்லை.

ஸ்பானருக்கு ரசீது கேட்கிற ஆள் மேல் உங்களுக்கு வயிற்றெரிச்சல். நியாயமான வயிற்றெரிச்சல்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நான் போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, வேறு யாரோ ஒருவருடைய அப்பாவை வாசலில் நிற்க வைத்து ரசீது கேட்க வேண்டுமா? இதற்கா நீங்கள் வேர்வை சிந்துகிறீர்கள்?

இன்னொரு சந்தேகம். காசு போடுகிறவர் சொல்வதுதான் என்றால், காசு போடுகிற ஆள் மாறினால் சொல்கிற ஆளும் மாறலாம் அல்லவா? பேச்சுக்குத்தான் கேட்கிறேன்.

கார் நலம். வாரம் ஒருமுறை என்றீர்கள், அதைவிட அதிகமாகவே கவனிக்கப்படுகிறது. பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. காற்றும் சரியாக இருக்கிறது. அம்மா காலையில் சீக்கிரம் எழுந்துவிடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 18

மகளுக்கு,

நலம். பத்து நாளாகக் கடல் சரியில்லை, வயிறும் சரியில்லை. இப்போது பரவாயில்லை.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் படிக்கவில்லை. பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். அப்படிப்பட்ட நிலைக்கு ஆளாக்கிவிட்டாய்.

எத்தனை பேர் திரும்பிப் போனால் எனக்கென்ன? ஒன்றுக்கும் உதவாத வாசலில் கூட்டம் நின்றால் அது கோட்டை வாசல் ஆகிவிடுமா? பூச்சி படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று ஒரே ஒரு பெயர் சொல். நான் எதற்குச் செலவு செய்தாலும் அது எத்தனை வருடம் உழைக்கும் என்று பார்த்துத்தான் செய்வேன். எஞ்சினுக்கு ஒரு நட்டு வாங்கினாலும் அப்படித்தான். இதில் என்ன கொடுமையைக் கண்டாய்?

‘காசு போடுகிற ஆள் மாறினால்’ என்று எழுதியிருக்கிறாய். யார் அந்த ஆள்? கடன் கிடன் வாங்கினாயானால் நல்லா இருக்காது. அம்மா பாட்டு முணுமுணுக்கிறாள் என்கிறாய். இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? அவள் ஏன் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறாள்?

கார் சீட்டை வெயிலில் காயவிட வேண்டாம், வெளுத்துவிடும்.

கணக்கியல் என்று ஒரு வார்த்தை எழுது. மறுநாளே பணம் வரும்.

அப்பா

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பாட்டுப் பாடினால் நோய் என்று நினைக்கிற வீட்டில் பிறந்திருக்கிறேன்.

கடன் வாங்கவில்லை. கட்டணத்தை அம்மா கட்டுகிறாள். எப்படி என்று கேட்காதீர்கள், அம்மாவே எழுதுவாள். ஆகவே இனி நீங்கள் எனக்காக வேக வேண்டாம்.

கார் சீட் வெளுக்கவில்லை. ஒரு தடவை துவைக்க மட்டும் வேண்டியிருந்தது.

உங்கள் வயிற்றைக் கவனியுங்கள்.

உங்கள் மகள்

மே 27

மகளுக்கு,

என் உடம்பு இருக்கட்டும். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஏழு வாரம் கடலிலேயே கிடந்தோம். துறைமுகத்தில் இறங்கி ஃபோனைத் திறந்தால் ஒர்க்‌ஷாப்காரரின் செய்தி. “அண்ணே, காருக்கு நாலு பிரேக் பேடும் மாத்தியாச்சு. சுத்தமா தேஞ்சிருந்துச்சு. அக்கா பணம் கொடுத்துட்டாங்க. வண்டி இப்ப பஞ்சு மாதிரி நிக்குது.”

நான் எஞ்சின்காரன். என்னிடமா? போர்வைக்குள் தூங்குகிற காருக்குப் பிரேக் எப்படித் தேயும்? தூக்கத்தில் எழுந்து நடந்ததா? ‘அதைவிட அதிகமாகவே கவனிக்கப்படுகிறது’ என்று எழுதினாயே, எப்பேர்ப்பட்ட வக்கீல் நீ! ஒரு பொய்கூடச் சொல்லாமல் அப்பனை முட்டாளாக்கியிருக்கிறாய். சீட்டை எதற்குத் துவைத்தீர்கள்? யார் உட்கார்ந்தார்கள் அதில்? என்ன கொட்டினார்கள்?

உடனே ஃபோன் செய்தேன். அம்மா எடுத்து, “கார் பத்தியா, படிப்பு பத்தியா?” என்றாள். “ரெண்டும்தான்!” என்றேன். “அப்ப எழுதுங்க” என்று வைத்துவிட்டாள். கரையில் ஏஜென்ட், சுங்க அதிகாரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதுகிறேன். கார் யாருடையது? என்னுடையது. அப்படியானால் அதை ஓட்டிச் சம்பாதித்த காசு யாருடையது? அதுவும் என்னுடையது. அப்படியானால் கட்டணம் கட்டப் போவது யார்? நான்தான். ஆகவே கணக்கியல்.

அப்பா

ஜூன் 12

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். இதற்கு முன் இருந்ததைவிட நலம். நீங்கள் தொண்டையையும் முதுகையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ‘பூச்சிக்குப் பணம் கிடையாது’ கடிதத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் போர்வையை எடுத்தேன். போர்வையை என்றால் காருடையதை.

காலையில் நான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன், மாலையில் கூட்டி வருகிறேன். பெற்றோர்கள் மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். இன்சூரன்ஸை அதற்கேற்ப மாற்றிவிட்டேன். நான்கில் ஒன்று வாந்தி எடுக்கும். சீட்டைத் துவைத்தது அதனால்தான். ஒன்று இறங்க மாட்டேன் என்று பெல்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூட வாசலில் அந்தக் குறுகிய சந்தில் ரிவர்ஸ் எடுக்கிறேன், இதுவரை ஒரு தூணையும் தொடவில்லை. கேட் தூணைப் பற்றி நீங்கள் இன்னும் எழுதுவதால் சொல்கிறேன்.

கார் உங்களுடையது, ஆகவே காசும் உங்களுடையது என்கிறீர்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். நீங்கள் கடலுக்குப் போகும்போது போட்டுக்கொண்டு போகிற துணியை யார் துவைத்தது? பெண்ணை யார் வளர்த்தது? வீட்டை யார் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது? அப்படியென்றால் உங்கள் சம்பளம் யாருடையது? கணக்கியல் படிக்கவேண்டியது யார் என்று எனக்கு இப்போதுதான் சந்தேகம் வருகிறது.

இத்தனை வருடம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு திரைச்சீலை நிறம்கூட நான் சொன்னதில்லை. இப்போது காசு போடுவது நான். ஆகவே நான் சொல்கிறேன். அவள் ஆசிரியர் பயிற்சியில் சேரட்டும். பிள்ளைகளோடு இத்தனை நாள் பழகியதில் நான் கண்டுகொண்டது, அது நல்ல வேலை. மாலையில் வெளிச்சத்தோடு வீடு திரும்பலாம், சொந்தச் சம்பாத்தியம் இருக்கும், எவனிடமும் போய் சோபா நிறத்துக்கு நிற்க வேண்டாம். கணக்கும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம்.

வேளைக்குத் தூங்குங்கள்.

உங்கள் மனைவி

ஜூன் 16

அப்பாவுக்கு,

உடம்பு நலம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அம்மா உங்களுக்கு எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். பெருமையாகச் சிரித்துக்கொண்டே படித்து வந்தேன், உங்களை நன்றாக மாட்டிவிட்டிருக்கிறாள் என்று. கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். “என்னம்மா இது?” என்றேன். “நான்தானே கட்டுறேன்” என்றாள். உங்கள் குரல், அப்பா. அதே இழுப்பு, கடைசியில் அதே தலையாட்டல். இத்தனை நாள் அந்தச் சட்டத்தில் நசுங்கியவள், சாவி கைக்கு வந்ததும் அதே சாலையில்தான் ஓட்டுகிறாள்.

“பூச்சிக்குன்னுதானே வண்டி ஓட்ட ஆரம்பிச்சே?” என்று கேட்டேன். “உனக்குன்னு ஆரம்பிச்சேன். பூச்சிக்குன்னு யார் சொன்னா?” என்றாள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டியது யார்? அவர்தான் என் பெயரையும் முகத்தையும் முடிவு செய்தாரா? பெற்றவர்கள் படிக்க வைக்க வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய கேள்வியாக இருக்கலாம். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், நான் புரிந்துகொள்வேன், எத்தனையோ வீட்டில் முடியவில்லை. முடியும், ஆனால் உன்னை எழுதிக் கொடு என்று கேட்காதீர்கள். அதற்குப் பெயர் படிக்க வைப்பது இல்லை, வாங்குவது.

உங்களிடம் பணம் இருக்கிறது. அம்மாவிடம் பணம் இருக்கிறது. ஜூலை முடிய இன்னும் நாள் இருக்கிறது. யாராவது ஒருத்தர் கட்டுங்கள் அப்பா. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உங்கள் மகள்

ஜூலை 20

மனைவிக்கு,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், கார் சாவி கையில் இருக்கிறதே.

உன் கடிதமும் அவள் கடிதமும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. முந்தைய துறைமுகத்தில் ஏஜென்ட் இன்னொரு கப்பலில் கொடுத்துவிட்டானாம். அவனைப் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். இங்கே கரையில் ஃபோனுக்கு சிக்னலும் கிடைக்கவில்லை.

காரை நீ எடுத்ததற்கு நான் வந்து வைத்துக்கொள்கிறேன். துணி துவைத்தது, வீடு பார்த்தது எல்லாம் எழுதியிருக்கிறாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்பதற்காக ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே.

ஆனால் ஆசிரியர் பயிற்சி என்று நீ எப்படிச் சொல்லலாம்? இது என்ன அநியாயம்? படிக்கப் போகிறவள் அவள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறவள் அவள். அதில் தேறுவதும் தோற்பதும் அவள். நாலு பிள்ளைகளை வண்டியில் ஏற்றி இறக்கிய காசைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் ஆயுசுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல உனக்கு எங்கிருந்து உரிமை வந்தது?

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். எஞ்சின் அறைக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் மறுபடி எடுக்கிறேன்.

சரி. அது வேறு விஷயம். நான் சொல்வது அவள் நல்லதுக்கு. கணக்கியல் என்றால் நாளைக்கே அனுப்புகிறேன். அவளிடம் பேசிப் பார். இந்தக் கடிதம் போய்ச் சேர எத்தனை நாளாகுமோ.

உடம்பைப் பார்த்துக்கொள். ஓட்டும்போது கண்ணாடியைப் பார்.

உன் கணவன்

ஆகஸ்ட் 3

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நீங்கள் பேனாவைக் கீழே வைத்த இடத்தில் நானும் ரொம்ப நேரம் நின்றேன். இன்னும் ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாம். இடம் போய்விட்டது.

கடைசி வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் இறங்கி வருவாள் என்று நான் இருந்தேன், நான் இறங்கி வருவேன் என்று அவள் இருந்தாள். கடைசி நாள் காலையில் குளித்து, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் பிள்ளைகளை விடப் போய்விட்டேன். திரும்பி வந்து சமைத்தேன். அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், தலையை ஆட்டினாள். மறுபடி பிள்ளைகளைக் கூட்டி வரப் போனேன். வந்து பார்த்தால் அதே இடத்தில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறாள். பீரோவிலிருந்து பணத்தை எடுத்தேன். “எழுந்திரு, போகலாம்” என்றேன். “எங்க?” என்றாள். “உன் பூச்சிக்குத்தான்” என்றேன்.

நன்றாகத்தான் ஓட்டினேன். ஆனால் கல்லூரிக் கட்டணக் கவுன்ட்டரில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஷட்டரைத் தட்டினேன். ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “அடுத்தவங்களுக்குச் சொல்லியாச்சும்மா. காலையிலேருந்து தொறந்துதான வச்சிருந்தோம்?” என்றார். காலையிலிருந்து பணமும் என்னிடம்தானே இருந்தது.

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. “பின்னால பாத்து எடும்மா, செவுரு இருக்கு” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்களிடம் முழுப் பணம் இருந்தது. என்னிடமும் இருந்தது. பணமே இல்லாத வீட்டுப் பெண்ணுக்குக்கூட இப்படி நேர்ந்திருக்காது. அவளுக்கு யாராவது உதவித்தொகை கொடுத்திருப்பார்கள்.

உங்கள் மனைவி

செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உறையில் உள்ள முகவரி புதிது. பெண்கள் விடுதி. என் அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு குழாய். சுவர் வெள்ளை. அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அவளோடு பேசுகிறேன், ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

தானியக் கிடங்குகளில் பூச்சி விழாமல் பார்த்துக்கொள்கிற கம்பெனி ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். ‘பூச்சி படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள், ஒரு பெயர் சொல்’ என்றீர்களே, படிக்காமலே கொடுத்துவிட்டார்கள். மூட்டைகளிலிருந்து தானியம் எடுத்துப் பிளந்து பார்ப்பது என் வேலை. சம்பளம் சொற்பம். சேர்த்து வைத்து அடுத்த சேர்க்கைக்கு நானே கட்டுவேன்.

நீங்கள் அனுப்பிய பணம் வந்தது. ‘எந்தப் படிப்பானாலும் சரி’ என்ற சீட்டும் வந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வீம்புக்கு இல்லை. இடம் இருந்தபோது பூச்சிக்குப் பணம் கிடையாது. இடம் போன பிறகு எதற்கு வேண்டுமானாலும் பணம். இது எனக்காக அனுப்பியது மாதிரித் தெரியவில்லை, உங்களுக்குத் தூக்கம் வருவதற்காக அனுப்பியது மாதிரித் தெரிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கிடங்கு மேலாளர் டீ குடித்துக்கொண்டே, “உனக்கு ஏம்மா பூச்சி?” என்று கேட்டார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் டீயைக் கீழே வைத்துவிட்டார். ஏன் அழுதேன் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது. என்னை யாரும் இதைக் கேட்டதே இல்லை. காரின் பேட்டரியைக் கேட்டீர்கள், டயரைக் கேட்டீர்கள், சீட்டைக் கேட்டீர்கள். அம்மாவும் கேட்கவில்லை. எட்டு மாதமாக இந்த வீட்டில் பூச்சி பூச்சி என்று கத்தியிருக்கிறோம். காசு யாருடையது என்று மூன்று பேரும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஏன் என்று கேட்பதற்குக் காசே வேண்டாம், அப்பா.

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

அக்டோபர் 9

மகளுக்கு,

நலம் என்று எழுதினாயே, அது போதும் எனக்கு.

பணம் திரும்பி வந்தது. மறுபடி அனுப்ப மாட்டேன். அனுப்பத்தான் நினைத்தேன், வேறு பெயரில், வேறு வழியில். சமையல்காரர் தடுத்துவிட்டார். “அண்ணே, அந்தப் புள்ளை என்ன கேட்டுச்சுன்னு மறுபடி படிங்க” என்றார். உன் கடிதங்களை எல்லாம் அவரிடம் படித்துக் காட்டியிருக்கிறேன். சிரித்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஏஜென்ட் மேல் கோபம், கவுன்ட்டர்காரி மேல் கோபம், உன் அம்மா மேல் கோபம். எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டுத் திரும்பினால் அங்கே நான்தான் நிற்கிறேன்.

நேற்று உணவறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், “உங்க பொண்ணு என்ன பண்றாங்க?” என்று கேட்டார். “பூச்சி பாக்குறா” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “ஏன், அதுல என்ன இருக்கு?” என்றார். எட்டு மாதமாக உன்னோடு சண்டை போட்டவன் நான். ஒரு வரி பதில் சொல்லத் தெரியவில்லை.

இதைப் பணத்துக்காகக் கேட்கவில்லை. அடுத்த வருடப் படிப்புக்காகவும் கேட்கவில்லை. நீ என்ன எழுதினாலும் அதற்கு மறுப்பு எழுத மாட்டேன். எழுதப் பிடிக்காவிட்டால் எழுதவும் வேண்டாம்.

உனக்கு ஏம்மா பூச்சி?

அப்பா